ஜாடியில் வைத்த பூ ஏன் மூன்றே நாளில் தலை சாய்கிறது? கடை முதல் கடைசி இதழ் வரை முழு வழிகாட்டி

பிறந்த நாளுக்கு வந்த ரோஜாக் கொத்து மூன்றாம் நாள் காலையில் கழுத்தொடிந்து தொங்கும். ஜாடியைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் கிட்டத்தட்ட ஊற்றிய அளவுக்கே இருக்கும். கடைக்காரர் பழைய பூவை நம் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டிக்கொண்டே குப்பையில் போடுவோம், நானும் பல வருடம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் அந்தக் குறையாத தண்ணீர்தான் துப்பு. பூவுக்கு வயதாகிவிடவில்லை, தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் செத்திருக்கிறது.

காம்புக்குள் முடியைவிட மெல்லிய குழாய்கள் இருக்கின்றன, சைலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே அதுதான். இலையும் இதழும் நீரை ஆவியாக விடும்போது அந்த இழுப்பில் கீழிருந்து தண்ணீர் மேலே ஏறும். செடியிலிருந்து வெட்டிய நொடியில் அதே இழுப்பு தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், சிரிஞ்சில் குமிழி மாட்டிக்கொள்வது மாதிரி. இது முதல் அடைப்பு. இரண்டாவது அடைப்பு பாக்டீரியா. காம்பின் வெட்டுவாயிலிருந்து கசியும் சாறு, தண்ணீருக்குள் ஊறி அழுகும் இலை எல்லாம் அதற்கு விருந்து. இரண்டு நாளில் காம்பின் அடியைத் தொட்டால் கொழகொழவென்று இருக்கிறதே, அந்தக் கொழகொழப்புதான் குழாயின் வாயை மூடுகிறது.

இதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் பூவின் சுவாசம் ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகும். ஓசூரில் குளிர்பதன அறையில் 2 டிகிரியில் தூங்கிக்கொண்டிருந்த ரோஜா சென்னையில் 32 டிகிரி ஹாலுக்கு வந்தால் மூன்று பத்துகள் ஏறியிருக்கின்றன, குறைந்தபட்சக் கணக்கிலேயே எட்டு மடங்கு வேகத்தில் அது தன் சேமிப்பைச் செலவழிக்கும். அதனால் குளிர்நாட்டுக்காரர்கள் "பத்து நாள் தாங்கும்" என்று சொல்வதை இங்கே அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். ரோஜாவை மூன்று நாளிலிருந்து ஏழு நாளுக்குக் கொண்டுபோவதுதான் என் இலக்கு, பெரும்பாலும் அது நடக்கிறது.

1. வாங்கும் இடத்திலேயே பாதி வேலை

கடையில் முதலில் பூவைப் பார்க்காதீர்கள், பூ நிற்கும் வாளியைப் பாருங்கள். தண்ணீர் கலங்கி நாற்றமடித்தால் எவ்வளவு அழகான பூவாக இருந்தாலும் குழாய் ஏற்கெனவே அடைபட்டிருக்கும். முடிந்தால் கோயம்பேடு மாதிரி மொத்தச் சந்தைக்கு விடியற்காலையில் போவது நல்லது; அங்கே ரோஜா பெரும்பாலும் இருபது இருபதாகக் கட்டிய கட்டாகவே கிடைக்கும், விலையும் குறைவு.

ரோஜாவை இதழில் கிள்ளிப் பார்க்க வேண்டாம், பூ காம்போடு சேரும் அடிப்பாகத்தை இரண்டு விரலால் மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு, மெத்தென்று இருந்தால் வயதானது. இன்னொரு அடையாளம், மொட்டைத் தாங்கும் பச்சைப் புல்லி இதழ்கள். அவை கீழே மடங்கியிருந்தால் பூ நன்றாக விரியும். மொட்டோடு ஒட்டிக்கொண்டே இருந்தால் ரொம்ப இளசாக வெட்டியிருக்கிறார்கள், அது விரியாமலே கழுத்தொடியும் வாய்ப்பு அதிகம். வெளிப்புறத்தில் பச்சையும் பழுப்புமாக முரட்டு இதழ் ஒன்றிரண்டு இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை உள்ளிதழ்களைக் காக்கும் காவல் இதழ்கள், வீட்டில் மெதுவாகக் கிள்ளி எடுத்துவிடலாம்.

மற்ற பூக்களுக்கு இந்தக் கணக்கு மாறும். செவ்வந்தியை நன்றாக விரிந்த பிறகே வாங்குங்கள், இறுகிய மொட்டு ஜாடியில் விரிவதில்லை. சம்பங்கித் தண்டில் அடியிலுள்ள இரண்டு மூன்று பூ விரிந்திருந்தால் போதும். லில்லியத்தில் ஒரு மொட்டாவது நிறம் காட்டி உப்பியிருக்க வேண்டும். ஜெர்பராவின் நடுவட்டத்தில் வெளி ஓரமாக இரண்டு வரிசைக்கு மகரந்தம் தெரிந்தால் சரியான பருவம். நடுவட்டம் முழுக்க இறுகிக் கிடந்தால் காம்பு இன்னும் முற்றவில்லை, வீட்டுக்கு வந்ததும் வளையும்.

பூவின் மேல் தண்ணீர் தெளித்துக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முத்து முத்தாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் இதழ் மடிப்பில் தேங்கும் ஈரத்தில் சாம்பல் பூசணம் பிடித்துப் பழுப்புப் புள்ளி விழும். ஜிகினாத் தூள் தூவுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பூவைக் காற்றிலிருந்து காப்பாற்ற வேண்டும். பைக்கில் வருவதென்றால் தலைப்பக்கம் முழுவதும் நியூஸ் பேப்பரைச் சுற்றுங்கள், காம்பின் நுனியில் ஈரத்துணி சுற்றி ஒரு பாலித்தீன் பையைக் கட்டுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடம் கூட விடக்கூடாது.

2. ஜாடியைக் கழுவுவது

நீங்கள் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கத் தயங்காத அளவுக்கு ஜாடி சுத்தமாக இருக்க வேண்டும், இதுதான் அளவுகோல். போன தடவை வைத்த பூவின் வழவழப்பு உள்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தால் புதுத்தண்ணீர் ஊற்றி என்ன பயன்? பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி, வெள்ளைத் துணிக்குப் போடும் திரவ பிளீச் ஒரு மூடி கலந்த தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து அலசுங்கள்.

பித்தளைச் சொம்பு, செம்புக் குடம் எல்லாம் பூவுக்கு அழகுதான், எங்கள் வீட்டிலும் பாட்டியின் சொம்பு ஒன்று இருக்கிறது. ஆனால் நாம் கலக்கப் போகும் தண்ணீரில் எலுமிச்சைப் புளிப்பு இருக்கும், அது உலோகத்தோடு வேலை செய்யும். சொம்புக்குள் அடங்கும் ஒரு கண்ணாடி டம்ளரையோ வெட்டிய பாட்டிலையோ வைத்து அதற்குள் பூவைச் செருகிவிடுங்கள், வெளியே தெரியாது.

3. காம்பை வெட்டுவது, இதைத்தான் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை

முன்பே சொன்ன காற்றுக் குமிழி காம்பின் அடி நுனியில்தான் மாட்டியிருக்கும். அந்த நுனியை வெட்டி எறிந்தால் குழாய் மறுபடி திறக்கும். எனவே கொத்தைப் பிரித்து, ஒவ்வொரு காம்பிலும் அடியிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் வெட்டுங்கள். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, காம்பு நுனியைத் தண்ணீருக்குள் வைத்தபடியே வெட்டினால் இன்னும் நல்லது, புது வாய் திறந்ததும் முதலில் நுழைவது தண்ணீராகவே இருக்கும். அது முடியாவிட்டால் வெட்டிய கையோடு, வாட்ஸ்அப்பைப் பார்க்காமல், சில நொடிகளில் ஜாடித் தண்ணீருக்குள் விட்டுவிடுங்கள்.

பால் பாக்கெட் வெட்டும் மொண்ணைக் கத்தரிக்கோல் இந்த வேலைக்கு ஆகாது. அது வெட்டாது, நசுக்கும். நசுங்கிய குழாயில் தண்ணீர் ஏறாது. கூர்மையான காய்கறிக் கத்தி அல்லது தோட்டத்துக் கத்தரி போதும். சாய்வாக வெட்டச் சொல்வார்கள், நானும் சாய்வாகத்தான் வெட்டுகிறேன், ஆனால் அதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. நேராக வெட்டிய காம்பு ஜாடியின் அடித்தட்டில் அப்பிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும், சாய்வாக வெட்டினால் அது நடக்காது, அவ்வளவுதான். செவ்வந்தி மாதிரிக் கட்டைக் காம்புகளைச் சுத்தியலால் தட்டச் சொல்லும் பழைய யோசனை வேண்டாம், சிதைந்த காம்பு சீக்கிரம் அழுகும்.

அப்புறம் இலை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு இலை கூட இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். மேலே இருக்கும் இலைகளிலும் பாதியை எடுத்துவிடலாம், இலை குறைந்தால் ஆவியாகும் நீரும் குறையும். ரோஜா முள்ளை எடுக்கும்போது பட்டையைக் கிழித்துவிடாதீர்கள், கிழிந்த இடமெல்லாம் கிருமிக்கு வாசல்.

வெட்டி முடித்ததும் உடனே அலங்காரத்தில் இறங்க வேண்டாம். ஒரு உயரமான வாளியில் காம்பு பாதிவரை மூழ்கும்படி தண்ணீர் விட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான, வெளிச்சம் குறைந்த மூலையில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் அது குளியலறைத் தரை. வழியில் வாடிய பூவெல்லாம் இதற்குள் நிமிர்ந்துவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும், கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் சுடச்சுட வருமே, அதை மட்டும் ஆற வைத்து ஊற்றுங்கள்.

4. ஜாடித் தண்ணீரில் என்ன கலப்பது

பொக்கேயோடு வரும் சின்னப் பாக்கெட்டில் மூன்று சரக்குதான் இருக்கிறது: பூவுக்குச் சாப்பாடாகச் சர்க்கரை, தண்ணீர் சுலபமாக ஏற ஒரு புளிப்பு, கிருமியைக் கொல்ல ஒரு மருந்து. பாக்கெட் இருந்தால் அதில் போட்டிருக்கும் அளவுக்கே தண்ணீர் விடுங்கள். மிச்சம் பிடிக்கலாம் என்று பாதிப் பாக்கெட்டை முழு ஜாடியில் போட்டால், மருந்து போதாமல் சர்க்கரை மட்டும் வேலை செய்து கிருமியைத்தான் வளர்க்கும். வெறும் சர்க்கரை போட்டு வைப்பதும் இதே கதைதான், ஒன்றுமே போடாமல் விடுவதைவிட மோசம்.

பாக்கெட் இல்லையென்றால் நான் கலப்பது இது. ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூன் மணமில்லாத, நிறமில்லாத திரவ பிளீச். ஒரு எச்சரிக்கை: எலுமிச்சைச் சாறும் பிளீச்சும் நேரடியாக ஒன்றோடொன்று சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். முழுத் தண்ணீரில் சாற்றைக் கரைத்த பிறகு, காற்றோட்டமான இடத்தில் நின்று பிளீச்சை விடுங்கள். குழந்தைகள் குடித்துவிடாத உயரத்தில் ஜாடி இருக்கட்டும். சர்க்கரைக்கும் எலுமிச்சைக்கும் பதிலாக எலுமிச்சை வாசனை வரும் கலரில்லாத சோடா பானத்தை ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தும் பயன்படுத்தலாம், சர்க்கரையும் புளிப்பும் அதிலேயே இருக்கின்றன, பிளீச்சை மட்டும் கால் டீஸ்பூன் விட்டால் போதும். டயட் வகை உதவாது.

ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் போடுவது, காசு போடுவது இரண்டையும் பலர் கேட்கிறார்கள். ஆஸ்பிரின் தண்ணீரைக் கொஞ்சம் புளிப்பாக்கும், அதோடு சரி, கிருமியையும் தடுக்காது, சாப்பாடும் போடாது. காசு போடும் யோசனை செம்பு நாணயம் புழங்கிய காலத்தது. நம் பையில் இருக்கும் ஒரு ரூபாய் எவர்சில்வர், அதைப் போட்டால் ஜாடியில் ஒரு ரூபாய் இருக்கும்.

தண்ணீரும் ஒரு விஷயம். போர்த் தண்ணீர் கடினமாக இருந்தால் அதிலுள்ள உப்புகள் எலுமிச்சையின் புளிப்பை விழுங்கிவிடும். அடுக்குமாடிகளில் வாட்டர் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீர் மென்மையாகத் தெரிந்தாலும் அதில் சோடியம் ஏறியிருக்கும், ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் அது ஆகாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதை மனதில் வைத்து வந்ததுதான். ஜெர்பராவும் கிளாடியோலஸும் ஃபுளோரைடு பட்டால் ஓரம் கருகும். இந்த மூன்று சிக்கலுக்கும் ஒரே வழி, ஜாடிக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுவது. ஒரு லிட்டர்தானே.

இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்கக் கொட்டி, ஜாடியை அலசி, புதிதாகக் கலந்து ஊற்றுங்கள், ஏப்ரல், மே மாதங்களில் தினமும். மேலே மேலே ஊற்றி நிரப்புவது கணக்கில் வராது. ஒவ்வொரு முறையும் காம்பின் கொழகொழப்பைக் கழுவி ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள். எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை, ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதை மட்டும் செய்யுங்கள், பாக்கெட்டையும் எலுமிச்சையையும் மறந்துவிடலாம்.

5. எங்கே வைப்பது

ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், ஏசி காற்று முகத்தில் அடிக்கும் இடத்திலும் வேண்டாம், இரண்டும் பூவை உலர்த்தும். ஜன்னல் வெயில், டிவிக்குப் பின்புறம், ஃபிரிட்ஜின் தலை, இவையெல்லாம் சூடு.

எனக்குப் புரிய வெகு நாளானது பழக்கூடை விஷயம்தான். ஒரு மே மாதம் சாப்பாட்டு மேஜையில் கார்னேஷன் வைத்திருந்தேன், பக்கத்திலேயே ஒரு கூடை பங்கனப்பள்ளி. மறுநாளே பூவெல்லாம் இதழை உள்ளே சுருட்டிக்கொண்டு தூங்கி விழுவது மாதிரி இருந்தது. தண்ணீர், காம்பு, ஜாடி எல்லாம் சரி. பழுக்கும் மாம்பழமும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடும், காயைக் கனியாக்கும் அதே வாயு பூவை முதுமையாக்கும். கார்னேஷன், ஆர்க்கிட், கொத்துக்கு இடையில் செருகும் வெள்ளை ஜிப்சோஃபிலா ஆகியவை இதற்கு ரொம்பவே பயந்த சுபாவம். புகையிலும் எத்திலீன் உண்டு, ஊதுபத்திப் புகையிலும்தான், எனவே பூஜை அறையில் ஜாடி வைத்தால் ஊதுபத்தியை எட்டத்தில் செருகுங்கள். கொத்திலேயே வாடிப்போன பூவும் எத்திலீன் விடும், அதை உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும்.

இரவில் ஃபிரிட்ஜில் வைக்கலாமா? ரோஜா, கார்னேஷன், செவ்வந்திக்கு நல்லதுதான், உள்ளே ஆப்பிளும் கனிந்த பழமும் இல்லாதவரை. ஆர்க்கிட், ஆந்தூரியம், ஹெலிகோனியா மூன்றும் வெப்பமண்டலப் பிறவிகள், 10 டிகிரிக்குக் கீழே போனால் கருத்துவிடும். அவற்றை வைக்கவே வைக்காதீர்கள்.

6. பூவுக்குப் பூ வேறு வைத்தியம்

ரோஜா கழுத்தொடிந்துவிட்டால் உடனே தூக்கி எறியாதீர்கள். காம்பைத் தண்ணீருக்குள் வைத்து மூன்று சென்டிமீட்டர் வெட்டி, ஒரு அகலமான டப்பில் பூ, இலை, காம்பு என்று முழு ரோஜாவையும் படுக்க வைத்து முக்கால் மணி நேரம் மூழ்க விடுங்கள். பிறகு எடுத்து உதறி, கழுத்து நிமிர்ந்து நிற்கும்படி நியூஸ் பேப்பரில் இறுக்கமாகச் சுருட்டி, ஆழமான தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். தலை சாய்ந்த அன்றே செய்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். அடுத்த நாள் செய்தால் சந்தேகம்தான்.

ஜெர்பராவின் காம்பு உள்ளே பொந்து, வெளியே மென்மயிர், அழுகுவதற்கென்றே செய்தது மாதிரி. அதனால் ஜாடியில் நான்கு விரல் அளவுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், ஆனால் தினமும் மாற்றுங்கள். காம்பின் அடியில் கெட்டியாக, வெளிறிய ஒரு கட்டை இருக்கும், அதை வெட்டி எறிந்தால்தான் தண்ணீர் ஏறும். கடையில் காம்பில் மாட்டித் தரும் பிளாஸ்டிக் குழலையோ கம்பியையோ கழற்ற அவசரப்படாதீர்கள்.

சம்பங்கி எனக்குப் பிடித்தது, விலையும் குறைவு, ஒரு தண்டு வைத்தால் சாயங்காலம் ஹால் முழுக்க மணக்கும். மாலைக்கு ஒற்றை அடுக்கு, ஜாடிக்கு இரட்டை அடுக்கு நன்றாக இருக்கும். அடியிலிருந்து மேலே விரிந்துகொண்டே போகும், அதனால் வாடிய அடிப்பூவைத் தினமும் கிள்ள வேண்டும். உச்சியிலுள்ள பொடி மொட்டுகள் எப்படியும் விரியாது, முதல் நாளே நுனியைக் கிள்ளிவிடலாம். சர்க்கரைத் தண்ணீர் நன்றாகக் கைகொடுப்பது இதற்குத்தான், நடு மொட்டுகள் வரிசையாகத் திறக்கும். கிளாடியோலஸுக்கும் இதே முறை, ஆனால் அதைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தால் நுனி வானத்தைப் பார்த்து வளைந்துவிடும், நிமிர்த்தியே எடுத்து வாருங்கள்.

லில்லியம் விரிந்ததும் நடுவிலுள்ள மகரந்தப் பைகளை டிஷ்யூ காகிதத்தால் பிடித்துக் கிள்ளிவிடுங்கள். துணியில் மகரந்தம் பட்டால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, கறை உள்ளே இறங்கும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் லில்லியமே வேண்டாம். இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதை நக்கினாலும் அதன் சிறுநீரகம் போய்விடும், உயிருக்கே ஆபத்து. அதேபோல அரளிக் கொத்தை ஜாடியில் வைத்தால் அந்தத் தண்ணீரும் விஷம் என்பதை மறக்க வேண்டாம்.

செவ்வந்தியில் பூவுக்கு முன்பே இலை மஞ்சளாகும், இலையை உருவிவிட்டால் பூ இரண்டு வாரம்கூட நிற்கும். ஆந்தூரியமும் ஆர்க்கிடும் சரியாக வைத்தால் அதற்கு மேலும் தாங்கும், காசு கணக்குப் பார்த்தால் இவைதான் லாபம். தாமரை இரண்டு மூன்று நாள் விருந்தாளி. செம்பருத்தியைத் தண்ணீரில் வைத்தாலும் ஒரு நாள், மேஜையில் வெறுமனே வைத்தாலும் ஒரு நாள், அதனோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

7. பச்சை ஸ்பாஞ்சில் செருகி வரும் கூடைகள்

வரவேற்பு மேடையிலிருந்து வீட்டுக்கு வரும் கூடைப் பூ மறுநாளே கருகுவதற்குக் காரணம், அந்தப் பச்சை ஃபோம் காய்ந்து கிடப்பது. தினமும் காலையில் நடுவில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு பூவை உருவி அதே ஓட்டையில் திரும்பச் செருகினால் அடியில் காற்றறை விழும், காம்புக்குத் தண்ணீர் எட்டாது, புது இடத்தில் குத்துங்கள். நீங்களே புது ஃபோம் வாங்கினால் தண்ணீரில் மிதக்க விட்டுத் தானாக மூழ்கும்வரை காத்திருக்க வேண்டும், கையால் அழுத்தினால் நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். ஒருமுறை காய்ந்த ஃபோம் மறுபடி சரியாக ஊறாது. அது மக்காத பிளாஸ்டிக் வகை வேறு, எனவே நான் கூடை வந்த அன்றே பூக்களை உருவி, காம்பு வெட்டி, ஜாடிக்கு மாற்றிவிடுகிறேன்.

ஐந்தாம் ஆறாம் நாளில் கொத்தில் பாதி போயிருக்கும். மிச்சத்தைக் கலைத்து, காம்பைக் குட்டையாக வெட்டி டீ டம்ளரில் வையுங்கள், காம்பு குட்டையானால் தண்ணீர் ஏற வேண்டிய தூரமும் குறைவு, இன்னும் இரண்டு நாள் ஓடும். அதற்கும் பிறகு தலையை மட்டும் கிள்ளி உருளியில் மிதக்க விடலாம். காலியான ஜாடியை மட்டும் அழுக்குத் தண்ணீரோடு பால்கனியில் விட்டுவிடாதீர்கள், கொசு முட்டையிடும். கை நுழையாத குறுகலான கழுத்தாக இருந்தால் ஒரு பிடி கல்லுப்பும் ஒரு பிடி அரிசியும் போட்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு, வாயை மூடிக் குலுக்குங்கள். உள்சுவர்ப் படலம் உரிந்து வரும். அலசிக் கவிழ்த்து வெயிலில் காய வையுங்கள்.